"சரிங்க மேடம்"னு சொல்லிட்டுப் போறவன் அடுத்த வாரமும் வரணும்னா: தெரபிக்கு வர்ற இளவட்டங்களைப் பாதியில விடாம இருக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஈரோட்டுல கவுன்சிலிங் ரூம் ஆரம்பிச்ச புதுசுல ஒரு நோட்டு போட்டு வெச்சிருந்தேன், யாரு எத்தனை தடவை வந்தாங்கன்னு டிக் அடிக்கறதுக்கு. வருஷம் முடிஞ்சு புரட்டிப் பார்த்தா நாப்பது வயசு தாண்டுனவங்க பேருக்கு நேரா எட்டு, பத்து டிக் இருக்குது, 18ல இருந்து 25 வயசு வரைக்கும் உள்ள பசங்க பேருக்கு நேரா ரெண்டு, மிஞ்சிப்போனா மூணு. அத்தனை பேரும் கெளம்பும்போது "சரிங்க மேடம், வரேனுங்க மேடம்"னு அவ்ளோ பதவிசா சொல்லிட்டுத்தான் போனாங்க. ஒருத்தர் வாயில இருந்து கூட "இது எனக்கு ஒத்து வரலீங்க"ன்னு ஒரு வார்த்தை வரல.

எனக்கு அப்ப புரியாதது இதுதான். நம்ம பக்கம் "ங்க" போட்டுப் பேசிப் பழகுன பசங்களுக்கு பெரியவங்க முன்னாடி மாட்டேன்னு சொல்ல வராது. மாட்டேன்னாலும் "சரிங்க"தான், ஆகட்டும்னாலும் "சரிங்க"தான். அந்த ரெண்டு சரிங்கவுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கத் தெரியாத வரைக்கும் நம்ம ரூமுக்கு வந்தவன் மூணாவது வாரம் இருக்க மாட்டான்.

நம்மூர்ல மட்டும்தான் இப்படின்னு நெனைக்காதீங்க. 2012ல ரெண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளருங்க 669 ஆய்வுகளை ஒண்ணாச் சேர்த்துப் பார்த்தாங்க, அதுல கிட்டத்தட்ட அஞ்சுல ஒருத்தர் தெரபியை நடுவுலயே விட்டுடறாங்கன்னு வந்துது, வயசு கம்மியா இருக்கறவங்கதான் அதிகமா விடறாங்கன்னும் வந்துது. அதனால பாதியில போறான்னா அவன் திமிருன்னோ நமக்குத் தொழில் தெரியலன்னோ மொதல்லயே முடிவு கட்ட வேண்டாம்.

புதுசா இந்த வேலைக்கு வந்திருக்கற தம்பி தங்கச்சிகளுக்காகத்தான் எழுதறேன், பெத்தவங்க படிச்சாலும் நல்லதுதான். உதாரணத்துக்கு வர்ற ஆளுங்க எல்லாம் நாலஞ்சு பேரைக் கலந்து, ஊரு பேரு மாத்தி எழுதுனது.

படி 1: போன் வர்ற அன்னைக்கே வேலை ஆரம்பிச்சாச்சு

பெரும்பாலும் போன் பண்றது அம்மாதான். "பையன் எந்நேரமும் கதவைச் சாத்திட்டு போனும் கையுமா இருக்கறானுங்க, சித்தெ புத்தி சொல்லி உடுங்க மேடம்"பாங்க. இந்த இடத்துல அம்மாகிட்டயே தேதி நேரம் எல்லாம் பேசி முடிச்சீங்கன்னா அந்தப் பையன் ஒரு செஷன் வருவான், அதுவும் அம்மாவுக்காக வருவான். நான் இப்பல்லாம் "வெசனப்படாதீங்கம்மா, அவரையே எனக்கு ஒரு வாட்ஸ்அப் பண்ணச் சொல்லுங்க, ஹாய்னு ஒரு வார்த்தை போதும்"னு சொல்லிடறேன். அந்த ஹாய் வர்றதுக்கு சில சமயம் ரெண்டு வாரம் ஆகுது. ஆனா அது வந்துட்டா அவனா வந்தான்னு ஆயிடுது, அப்புறம் நடக்கறதே வேற மாதிரி இருக்குது.

ஹாய் வந்தா ரெண்டு மூணு நாளைக்குள்ள நேரம் குடுங்க. பத்து நாள் தள்ளிப் போட்டா அந்த வேகம் ஆறிப்போயிடும். ஃபீஸ் எவ்வளவு, எத்தனை நிமிஷம், பைக் எங்க நிறுத்தணும், வெளிய வேற யாராச்சும் உக்கார்ந்திருப்பாங்களா, இதெல்லாம் மெசேஜ்லயே சொல்லிடுங்க. கடைசிக் கேள்வி சின்னதாத் தெரியும், ஆனா பவானியிலயோ கோபியிலயோ ஒரு பையன் வண்டி மனநலம்னு போர்டு போட்ட எடத்துல நின்னா சாயங்காலத்துக்குள்ள அவங்கப்பாவுக்குத் தெரிஞ்சுரும். என் ரூமு ஒரு தையல் கடைக்கு மேல மாடியில இருக்குது, போர்டுல என் பேரு மட்டும்தான். ஜாக்கெட் தைக்க வந்தேன்னு சொல்லிக்கலாம்னு ஒரு பொண்ணு சிரிச்சுட்டே சொன்னா.

நேரம் விஷயத்துல நாமதான் வளையணும். திருப்பூர் பனியன் கம்பெனியில ஒன்றரை ஷிப்டு பார்க்கற பையன் காலையில எட்டரைக்கு உள்ள போனா ராத்திரி எட்டரைக்குத்தான் வெளிய வருவான், அவனுக்கு செவ்வாக்கெழமை மூணு மணி குடுத்துட்டு "மோட்டிவேஷன் இல்ல"ன்னு ஃபைல்ல எழுதறது அநியாயம். நான் ஞாயித்துக்கெழமை காலையில நாலு பேரைப் பார்த்துட்டு அதுக்குப் பதிலா புதன்கெழமை லீவு எடுத்துக்கறேன். சரவணம்பட்டி ஐடி பசங்கள்ல நைட் ஷிப்டுக்காரங்களுக்கு சாயங்காலம் அஞ்சு மணிதான் விடியக்காலம், அதையும் பார்த்துக்கோங்க.

படி 2: மொத செஷன்ல மொத பத்து நிமிஷம்

இதை மனப்பாடமா வெச்சிருக்கேன், அப்படியே தரேன்: "நீங்க 18 தாண்டுனவங்க. இங்க பேசறது நீங்க சம்மதிக்காம அப்பாகிட்டயோ அம்மாகிட்டயோ போகாது, ஃபீஸ் அவங்க குடுத்தாலும் சரி. உங்க உசுருக்கோ இன்னொருத்தர் உசுருக்கோ ஆபத்துன்னு எனக்குப் பட்டா மட்டும் நான் ஒருத்தர்கிட்ட சொல்லியாகணும், அப்பவும் முடிஞ்ச வரைக்கும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்." இது நம்ம பெருந்தன்மை இல்லீங்க, 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்துல 23ஆவது பிரிவே இந்த ரகசியம் காக்கற உரிமையைப் பத்தித்தான், 2018 மே 29ல இருந்து நடைமுறையில இருக்குது. சட்டம்னு சொன்னா பசங்க கொஞ்சம் நிமிர்ந்து உக்கார்றாங்க.

அப்புறம் ஒண்ணு, இதை யாரும் டிரெயினிங்ல சொல்லித் தர மாட்டாங்க. "எந்த ஊருங்க? யாரு பையன்?"னு ஆரம்பிக்கறது நம்ம பக்கத்துப் பழக்கம், பாசமாத்தான் கேப்போம். ஆனா எதுத்தாப்ல உக்கார்ந்திருக்கற பையனுக்கு அது என்ன சாதி, எந்தக் கூட்டம், யாருக்கு யாரு சொந்தம்னு நூல் பிடிக்கற கேள்வியாத்தான் கேக்கும். காதல் விவகாரத்துக்காக வந்தவன்னா அந்த நிமிஷமே வாயை மூடிக்குவான். ஊரு பேரு ஃபாரத்துல வந்தாப் போதும். நமக்கு அவங்க குடும்பத்தைத் தெரியும்னா அதை மறைக்காதீங்க, "உங்க பெரியப்பாவை எனக்குத் தெரியும், அதனால வேற ஒருத்தர்கிட்ட போறது வசதின்னா நானே நம்பர் தரேன்"னு மொதல்லயே சொல்லிடுங்க.

நீங்களா, நீயா? நான் எல்லாருக்கும் நீங்கதான். ஒரு தடவை ஒரு பையனை "சொல்லு கண்ணு"ன்னேன், முகம் சுருங்கிப் போச்சு. அவங்கம்மா திட்டறதுக்கு முன்னாடி கூப்பிடறது அப்படித்தானாம்.

படி 3: இலக்கு யாரோடது?

1979ல எட்வர்ட் போர்டின்னு ஒரு உளவியலாளர், தெரபிஸ்ட்டுக்கும் வர்றவங்களுக்கும் நடுவுல இருக்கற கூட்டணிக்கு மூணு கால் இருக்குதுன்னு எழுதினாரு: பந்தம், இலக்கு, அந்த இலக்குக்காகச் செய்யற வேலை. நாம பந்தத்துலயே நின்னுடறோம். சிரிச்சுப் பேசறோம், டீ குடுக்கறோம், பையனுக்கு நம்மளப் புடிச்சும் போயிடுது, ஆனா எதுக்கு வர்றோம்னு தெரியாததால வர்றதில்ல.

அப்பா சொல்ற இலக்கு "அரியர் கிளியர் பண்ணணும்". அம்மாவோடது "ஒழுங்கா சாப்பிடணும், பொண்ணு பார்க்க ஒத்துக்கணும்". நம்ம ஃபைல்ல எழுதறது "டிப்ரஷன் குறையணும்". அவனோடது என்னன்னு கேட்டா தோளைத் தூக்குவான். உடுங்க, இன்னொரு மாதிரி கேளுங்க: "போன வாரத்துல எந்த நாள், எத்தனை மணி உங்களுக்கு ரொம்ப மோசமா இருந்துச்சு?" செக்கிங் செக்‌ஷன்ல வேலை பார்க்கற ஒரு பையன் இதுக்குச் சொன்ன பதில், "ஞாயித்துக்கெழமை மத்தியானமுங்க. சனிக்கெழமை சம்பளம் வாங்கி நண்பர்களோட சுத்திட்டு, ஞாயிறு எந்திரிக்கறப்ப நெஞ்சு மேல யாரோ கல்லு வெச்ச மாதிரி இருக்குது." போதும், அதுதான் இலக்கு. ஞாயித்துக்கெழமை மத்தியானத்தை எப்படிக் கடக்கறதுன்னு ஆரம்பிச்சோம். சம்பளம், குடி, அவங்கப்பன் கடன் எல்லாம் பின்னாடியே தானா வந்துது.

மொத நாள் வெறுங்கையோட அனுப்பாதீங்க. தூக்கத்துக்கு ஒரு சின்ன விஷயமோ, பதட்டத்துக்கு ஒரு விஷயமோ, அன்னைக்கு ராத்திரியே உதவற மாதிரி ஒண்ணு கையில குடுத்து அனுப்புங்க. முழு ஹிஸ்டரி எடுக்கறது ரெண்டாவது செஷனுக்குத் தள்ளுனா ஒண்ணும் குடி முழுகிப் போகாது.

படி 4: எத்தனை வாரம்னு சொல்லிடுங்க

பசங்களுக்கு தெரபின்னா ஒரே தடவை போய் புத்தி வாங்கிட்டு வர்றதுன்னுதான் நெனப்பு. 1986ல வந்த ஒரு பேர்போன ஆய்வுல சுமார் 8 செஷன்ல பாதிப் பேருக்கும், 26 செஷன்ல முக்கால்வாசிப் பேருக்கும் முன்னேற்றம் தெரிஞ்சுதுன்னு வந்துது. நான் இதைச் சொல்லிட்டு, "மொதல்ல நாலு தடவை வாங்க, நாலாவது அன்னைக்கு தொடரலாமா, மாத்தலாமா, நிறுத்தலாமான்னு ரெண்டு பேரும் உக்கார்ந்து பேசலாம்"னு சொல்லுவேன். முடிவு தேதி தெரிஞ்சா வர்றது சுலபம். ரெண்டாவது மூணாவது வாரத்துல பழசைக் கிளறுனதால இன்னும் மோசமாத் தோணலாம்னும் முன்கூட்டியே சொல்லி வைங்க, இல்லன்னா "அங்க போய்த்தான் ஜாஸ்தி ஆச்சு"ன்னு நின்னுருவாங்க.

படி 5: "சரிங்க"வைத் திறக்கறது

இதுதான் இந்த வழிகாட்டியிலயே எனக்கு முக்கியம், அதனால என் தப்புல இருந்தே ஆரம்பிக்கறேன். கோயமுத்தூர்ல ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கற ஒரு பொண்ணு, பதட்டத்துக்காக சனிக்கெழமை சனிக்கெழமை பஸ் ஏறி வருவா. நான் எண்ணங்களை எழுதிட்டு வரச் சொல்லி ஒரு நோட்டு குடுத்தேன். வாரா வாரம் "எழுதுனீங்களா?"ம்பேன், "இந்த வாரம் எக்ஸாமுங்க மேடம், அடுத்த வாரம் எழுதறேனுங்க"ம்பா. நானும் எதிர்ப்பு, தள்ளிப்போடற பழக்கம்னு என்னென்னமோ ஃபைல்ல எழுதினேன். அஞ்சாவது வாரம் வரல, மெசேஜுக்கு "சரிங்க மேடம், சொல்றேனுங்க"ன்னு பதில். ஏழு மாசம் கழிச்சு அவளா திரும்பி வந்தா. அப்பத்தான் சொன்னா, ஒரே ரூம்ல நாலு பேரு, பெட்டிக்குப் பூட்டு இல்ல, அந்த நோட்டை யாராச்சும் எடுத்துப் படிச்சுட்டா என்ன பண்றதுன்னு பயந்து வாரா வாரம் அதைத் துணி மூட்டைக்குள்ள வெச்சு ஊருக்குத் தூக்கிட்டு வந்திருக்கறா. ஏன் சாமி அன்னைக்கே சொல்லலன்னேன். "நீங்க ஆசையா குடுத்தீங்க, எப்படிங்க வேண்டாங்கறது"ன்னா. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு.

தெரபிஸ்ட்டுக்கும் வர்றவங்களுக்கும் நடுவுல விரிசல் விழறது ரெண்டு விதம்னு சொல்லுவாங்க. எகிறிப் பேசறது ஒண்ணு, ஒதுங்கிப் போறது இன்னொண்ணு. நம்ம பக்கம் ரெண்டாவதுதான் ஜாஸ்தி. அதோட அடையாளம் என்னன்னா பேச்சு சுருங்கும், "ங்க" ஜாஸ்தியாகும், கேட்டதுக்கெல்லாம் சட்டுனு ஒத்துக்குவாங்க, கடிகாரத்தைப் பார்க்க மாட்டாங்க ஆனா வண்டிச் சாவி கைக்கு வந்துரும், ஊட்டுல விருந்தாளி முன்னாடி உக்கார்ந்திருக்கற மாதிரி ஒரு சிரிப்பு சிரிப்பாங்க.

அதனால ஒவ்வொரு செஷன்லயும் கடைசி அஞ்சு நிமிஷத்தை இதுக்குன்னே ஒதுக்குங்க. "ஏதாச்சும் புடிக்கலையா?"ன்னு கேட்டா "அதெல்லாம் இல்லீங்க"தான் வரும். "இன்னைக்கு நான் சொன்னதுல உங்களுக்கு ஒத்து வராதது எது? கண்டிப்பா ஒண்ணு இருக்கும்"னு கேளுங்க, அப்ப இல்லைன்னு சொல்றதுதான் மரியாதைக் குறைவாயிடும். வாயில வராட்டி தாள்ல வாங்குங்க. நாலு கோடு போட்டு, ஒரு முனை மோசம் ஒரு முனை நல்லது, எங்க இருக்கீங்கன்னு குறிக்கற மாதிரி சின்ன அளவுகோலெல்லாம் இருக்குது, ஒரு நிமிஷ வேலை. எல்லாமே நல்லதுன்னு முனையில குறிச்சா நம்பாதீங்க. ஒரு மில்லிமீட்டர் உள்ள தள்ளிக் குறிச்சிருந்தா அதைப் புடிச்சுக் கேளுங்க. அவன் ஏதாச்சும் குறை சொல்லிட்டா விளக்கம் குடுக்கப் போகாதீங்க, நன்றி சொல்லிட்டு அடுத்த வாரமே ஒரு விஷயத்தை மாத்திக் காட்டுங்க. மாத்துனதைக் கண்ணால பார்த்தாத்தான் அடுத்த குறையைச் சொல்லுவான்.

ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா பிஎச்க்யூ-9ங்கற மனச்சோர்வு அளக்கற கேள்வித்தாள் போடுங்க. ஒன்பது கேள்வி, 27க்கு மார்க், 10ல இருந்தே மிதமான மனச்சோர்வு ஆரம்பிக்குதுன்னு கணக்கு. மார்க்கு பார்த்து வளர்ந்த பசங்களுக்கு 17 போய் 12 ஆனது புரியுது. ஒன்பதாவது கேள்வி சாகறதைப் பத்தினது, அதுல பூஜ்யத்தைத் தவிர எது வந்தாலும் அந்த செஷன்லயே பேசுங்க.

படி 6: வீட்டுப்பாடம்

அந்தப் பேரே வேண்டாம். நாமக்கல் பக்கம் ரெசிடென்ஷியல் ஸ்கூல்ல ரெண்டு வருஷம் காலை அஞ்சு மணிக்கு எந்திரிச்சுப் படிச்சுட்டு வந்த பையன்கிட்ட ஒர்க்‌ஷீட் நீட்டுனா அவன் முகத்தைப் பார்க்கணுமே. போன்லயே ஒரு வார்த்தை, ஒரு எமோஜி, பத்து செகண்ட் வாய்ஸ் நோட், இவ்வளவு போதும். செய்யலைன்னா "ஏன் செய்யல?" வேண்டாம், "எந்த எடத்துல தடை பட்டுச்சு?"ன்னு கேளுங்க.

படி 7: ஊட்டுக்காரங்க

பெத்தவங்களைப் பகைச்சா வண்டிக்குப் பெட்ரோல் காசு நின்னுரும், அது மட்டுமில்ல, அவங்களுக்கும் வெசனம் உண்மையானதுதான். கோயில்ல பூ கேட்டிருப்பாங்க, மந்திரிச்சுக் கயிறு கட்டியிருப்பாங்க, ஜாதகத்துல சனின்னு யாராச்சும் சொல்லியிருப்பாங்க. சண்டை போடாதீங்க. "பூ நல்லபடியா வந்துதுங்களா? சந்தோஷமுங்க, இதையும் ஒட்டுக்காப் பார்க்கலாம்"னு சொல்லிட்டுப் போங்க. ஆனா மாத்திரையை நிறுத்தச் சொன்னாலோ, ஆளைக் கட்டி வெச்சாலோ, அடிச்சாலோ அங்க விட்டுக் குடுக்கறதுக்கு எடமே இல்ல.

அப்பாகிட்ட பேசணும்னா பையன் சம்மதத்தோட, அவன் கூட இருக்கும்போதே பேசுங்க. என்ன சொல்லலாம், என்ன கூடாதுன்னு முந்தின செஷன்லயே அவனோட எழுதி வெச்சுக்கோங்க. அப்பா தனியா போன் பண்ணி "என்னங்க சொல்றான்?"னு கேட்டா "நீங்க சொல்றதை நான் கேட்டுக்கறேனுங்க, அவர் சொன்னதை நான் சொல்ல முடியாதுங்க, நீங்க போன் பண்ணதையும் அவருகிட்ட சொல்லிருவேனுங்க." கோவிச்சுக்குவாரு. பரவால்ல.

மாத்திரைன்னா "பொண்ணு குடுக்க மாட்டாங்க"ங்கற பயம் பெருசு. எழுதறது சைக்யாட்ரிஸ்ட் வேலை, நாம டோஸ் பத்திப் பேசக்கூடாது. ஆனா டிப்ரஷன் மாத்திரை வேலை செய்ய ரெண்டுல இருந்து நாலு வாரம், சில சமயம் அதுக்கும் மேல ஆகும்னும், தானா டக்குனு நிறுத்தக் கூடாதுன்னும் நாமளும் ஞாபகப்படுத்தலாம். 24 வயசு வரைக்கும் உள்ளவங்களுக்கு ஆரம்ப வாரங்கள்ல தற்கொலை எண்ணம் வருதான்னு உன்னிப்பாப் பார்க்கணும்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2007ல எச்சரிக்கையை நீட்டிச்சுது, அதனால மாத்திரை ஆரம்பிச்ச மொத மாசத்துல இடைவெளி விடாம பாருங்க.

படி 8: வரலைன்னா

அன்னைக்கே மெசேஜ். "இன்னைக்குக் காணோமே, நல்லா இருக்கீங்களா? அடுத்த ஞாயிறு 10 மணி உங்களுக்காக வெச்சிருக்கேன். ஏதாச்சும் ஒத்து வரலைன்னா அதையும் சொல்லலாம், கோவிச்சுக்க மாட்டேன்." மூணு நாள் கழிச்சு ஒண்ணு, ரெண்டு வாரம் கழிச்சு ஒண்ணு, அதோட நிறுத்திக்கோங்க. தொரத்தக் கூடாது. ஆனா உசுருக்கு ஆபத்து இருக்கற ஆளுன்னு தெரிஞ்சிருந்தா இந்தக் கணக்கெல்லாம் இல்ல, அன்னைக்கே போன்ல பேசுங்க.

காலண்டரையும் பாருங்க. மாரியம்மன் நோம்பி சாட்டிட்டா, பழனிக்குப் பாதயாத்திரை கெளம்பிட்டா, ஷிப்மென்ட் நெருக்கடியில கம்பெனியில ஓவர்டைம் போட்டா, செமஸ்டர் வந்தா, யாரும் வர மாட்டாங்க. அதை முன்னாடியே பேசி அந்த ரெண்டு வாரத்துக்கு பதினஞ்சு நிமிஷ போன் செஷன் வெச்சுக்கோங்க. சும்மா வராம விட்டா திரும்பி வர வெக்கப்பட்டே நின்னுருவாங்க.

வீடியோ செஷன்னா தனிமை கெடைக்கறதுதான் பிரச்சனை. ஒரு பையன் தோட்டத்துல கெணத்து மேட்டுல உக்கார்ந்து பேசுவான், மோட்டார் ஓடுற சத்தத்துல யாருக்கும் கேக்காதுன்னு. எனக்கும் பாதி கேக்காது, இருந்தாலும் ஒரு வாரம் கூட விடாம வந்தான். யாராச்சும் பக்கத்துல வந்துட்டா சொல்றதுக்கு ஒரு வார்த்தை பேசி வைங்க. நாங்க வெச்சிருந்தது "கரண்ட் வந்துருச்சு".

படி 9: ஆபத்துன்னு தோணினா

தற்கொலையைப் பத்தி நேரா கேட்டா எண்ணத்தை விதைச்சுரும்னு பயப்பட வேண்டாம், அப்படி இல்ல. தெளிவாக் கேளுங்க. அப்புறம் ஒக்கார்ந்து பாதுகாப்புத் திட்டம் எழுதுங்க: எது வந்தா நெலமை மோசம்னு அவனுக்கே தெரியும், தனியா என்ன செய்யலாம், யார் கூடப் போய் இருக்கலாம், யார்கிட்ட உதவி கேக்கலாம், எந்த டாக்டர் நம்பர். கடைசியா வீட்டைப் பத்திக் கேளுங்க, நம்ம பக்கம் இது ரொம்ப முக்கியம். தோட்டத்து வீடுகள்ல வயலுக்கு அடிக்கற மருந்து திண்ணையிலயே கெடக்கும். அதைப் பூட்டி வெச்சுச் சாவியை இன்னொருத்தர் வெச்சுக்கறது ஒரு உசுரைக் காப்பாத்தற வேலை, இதுக்கு மட்டும் ஊட்டுல ஒருத்தரைக் கூட்டணி சேர்த்துக்கோங்க. 14416ங்கற டெலிமானஸ் மனநல உதவி நம்பரை அவன் போன்ல உங்க முன்னாடியே சேவ் பண்ணச் சொல்லுங்க, 2022 அக்டோபர் 10ல ஆரம்பிச்ச அரசாங்க சேவை, 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம். ஏற்கெனவே முயற்சி பண்ணவங்க போலீஸ் கேஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்கே போக மாட்டாங்க, 2017 சட்டத்தோட 115ஆவது பிரிவு அவங்களைக் கடுமையான மன அழுத்தத்துல இருந்தவங்களாத்தான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாதுங்குதுன்னு சொல்லுங்க.

படி 10: முடிக்கறது

முடிவும் தேதி வெச்சு நடக்கணும். வாரம் ஒண்ணு, அப்புறம் ரெண்டு வாரம், அப்புறம் மாசம்னு தள்ளுங்க. நம்மால ஆகலைன்னா வேற ஆளுகிட்ட அனுப்பறதுக்கு வெக்கப்படாதீங்க, நம்பர் குடுத்தாப் போதாது, மொத அப்பாயின்மென்ட் வரைக்கும் கூட இருங்க. ஃபைலை மூடினாலும் "எப்ப வேணா ஒரு ஹாய் போடுங்க"ன்னு சொல்லி அனுப்புங்க.

அந்த ஞாயித்துக்கெழமை பையன் முடிச்சுட்டுப் போயி எட்டு மாசம் இருக்கும். போன வாரம் மெசேஜ் வந்துது: "மேடம், பெங்களூருக்கு வேலை மாறிட்டேனுங்க. ரெண்டு மூணு செஷன் வேணும். ஆனா அந்த மூச்சுப் பயிற்சி மட்டும் வேண்டாமுங்க, அது எனக்கு எப்பவுமே புடிச்சதில்ல." படிச்சுட்டுத் தனியா சிரிச்சேன். ஞாயிறு காலை 10 மணி, வீடியோ, மூச்சுப் பயிற்சி கெடையாதுன்னு நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்.